விட்டுப்போன கையெழுத்து

ஆடி 12, ஞாயிறு

இன்று எங்கள் பில்டிங் சொசைட்டிக் கூட்டத்தில் என் மகன் முருகேசன் மேல் கண்டனத் தீர்மானம் போட்டார்கள். அவன்தான் செக்ரட்டரி. மூன்று மாதமாக லிஃப்ட் ஓடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ரிப்பேருக்கு ஆள் கூப்பிடாமலே இருந்துவிட்டான். போன வாரம் நெஞ்சுவலி வந்த தங்கராஜை ஏழாம் மாடியிலிருந்து நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். மூன்றாம் மாடி வரும்போதே உயிர் போய்விட்டது.

எல்லோரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. தங்கராஜின் பெண்டாட்டி செல்லத்தாய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாராவி முழுக்க நியாயம் பேசித் திரிந்தவள் நான்.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி கேட்டாள். "கண்டனம்னா அப்பாவ செக்ரட்டரிலேர்ந்து எடுத்துருவாவளா ஆச்சி?"

முருகேசன் சிரித்தான். "அதெல்லாம் ஒண்ணும் கெடையாது மக்கா. புக்குல எழுதி வைப்பாவ, அம்புட்டுதான்."

இன்னும் ரெண்டு தோசை கேட்டு வாங்கித் தின்றான். நான் என் தட்டை எடுத்து மூடி வைத்தேன்.

அந்தத் தீர்மான புக் எங்கள் பீரோ மேல்தான் கிடந்தது. மராத்தி எழுத்து எனக்கு வாசிக்க வராது. கையெழுத்து வரிசை மட்டும் தெரிந்தது. செல்லத்தாய் பெருவிரல் வைத்திருக்கிறாள், மை ஈஷியிருக்கிறது. அதற்குக் கீழே இடம் இருந்தது. அஞ்சாம் வகுப்பில் எழுதிப் பழகிய முழுப்பேரையும் தமிழில், இதே பேனாவால் போட்டுவிட்டேன்.

காலையில் பிரசிடெண்டிடம் கொடுக்க அவன்தான் அதை எடுப்பான்.