தேசிக்கன்றுக்கு எழுதிய துண்டு

உதயகலா கணவன் சுபாஸ்கரனோடு முந்தநாளிலிருந்து கதைப்பதில்லை. அவளுடைய ரோசாக்கன்றுக்குப் பச்சைச் சாணியை அள்ளிக் கொட்டி வேரை அவித்துவிட்டு, "அது எப்பிடியும் பட்டுப்போற கன்றுதான்" என்று அவன் சொன்னதுதான் காரணம். ஆனால் சட்டியில் வேர் முட்டி நிற்கும் தேசிக்கன்றை, அந்த எலுமிச்சங்கன்றை, இன்றைக்கு வீட்டு வளவில் நட்டாக வேண்டும். வீட்டில் நிற்பவன் அவன். மானிப்பாய் பஸ்ஸுக்கு ஓடுமுன் அவள் கடதாசியில் ஒரு துண்டு எழுதிச் சட்டியில் செருகினாள். எழுதியது கன்றுக்கு.

"தேசிக்கன்று, உன்னை நடப்போற ஆளுக்குச் சொல்லு. கிடங்கு முழங்காலளவு ஆழம் வேணும். அடியிலை பூவரசங்குழையைத் தாட்டு, மேலை மக்கின மாட்டெரு. மக்கினது! பச்சைச் சாணியைக் கண்டால் கத்து. வேர்மண் உடையக்கூடாது. வெயில் சாய்ஞ்சாப் பிறகுதான் நடவேணும்.

அடுப்படியிலை சோறும் மீன்குழம்பும் மூடி இருக்கு. நீ சாப்பிடமாட்டாய், சாப்பிடுற ஆக்களுக்குச் சொல்லு."

எழுதி முடிந்தும் மனம் கேட்கவில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"குனிஞ்சு கொத்தினால் அவருக்கு இடுப்பிலை நாரி பிடிக்கும். ஆறுதலா, மெள்ளமாக் கொத்தச் சொல்லு."

பொழுதுபட அவள் வந்தபோது கன்று வளவில் நின்றது. துண்டின் பின்பக்கத்தில் அவனுடைய கோழிக்கிறுக்கல்:

"தேசிக்கன்று எழுதிறன். சொன்ன மாதிரியே நட்டவர். நாரியும் பிடிச்சிட்டுது. பக்கத்திலை உமக்கொரு ரோசாக்கன்று வாங்கி வைச்சிருக்கிறார். கிடங்கும் வெட்டிப்போட்டார். எருப் போடத்தான் பயப்பிடுறார்."

உதயகலா கைப்பையைப் படியில் வைத்தாள்.

"இஞ்சருங்கோ, அந்த எருக் கடகப்பெட்டி எங்கை?"