வாசலில் நின்று ஒரு செருமல்

இன்று காலை கொல்லைப்புறம் போனேன். வைக்கோற்போருக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. பீடியல்ல, சிகரெட். ஆனாலும் தீக்குச்சி உரசியதும் வரும் அந்த முதல் மணம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். என்னை அறியாமல் தொண்டையைச் செருமினேன். அந்தப் பக்கம் செருப்பு தரையில் தேயும் சத்தம். சற்றுப் பொறுத்து என் மகளின் கணவர் வேட்டியைத் தட்டியபடி வெளியே வந்தார். வாயில் கிராம்பு.

"ஏனுங்க மாமா, வெயில் இப்பவே ஏறிப்போச்சுங்களே?"

"ஆமாங்க மாப்ளே."

இருவரும் வானத்தைப் பார்த்தோம். அப்போது உன்னை நினைத்துக்கொண்டேன்.

நீ உயிரோடு இருந்த கடைசி நாள்வரை உன்னை 'வாங்க, போங்க' என்றுதான் அழைத்தேன். இந்த மடலில் மட்டும் 'நீ' என்று எழுதிக்கொள்கிறேன். நாமகிரிப்பேட்டைப் பள்ளியில் நாம் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தபோது அப்படித்தானே பேசிக்கொண்டோம்?

கல்யாணமாகாத வாத்தியார்களுக்கு ஊருக்குள் வீடு தர யோசிப்பார்கள். மஞ்சள் மண்டிக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. துணியெல்லாம் மஞ்சள் மணக்கும். அதை மீறிப் பீடி மணக்கும். ஒருவன் பற்றவைத்தால் அதிலிருந்தே மற்றவன் நெருப்பு வாங்கிக்கொள்வான். உன் விரல்நுனி பழுத்திருப்பதைத் தலைமையாசிரியர் பார்த்துக் கேட்டார். "மண்டிக்குப் பக்கத்துலயே குடியிருந்தா விரல் மஞ்சளாகாம என்னங்க பண்ணும்?" என்று நீ சொன்னதும் அவரே சிரித்துவிட்டார்.

அந்த மார்கழியில் உனக்கு இருமல் வந்தது. பொங்கல் கழிந்தும் நிற்கவில்லை. சேலத்து டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, பீடியை விடாவிட்டால் இந்த நெஞ்சு தாங்காது என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்தாய்.

"நீயும் விட்டீன்னா நானும் விட்டுர்றன்டா. ஒருத்தன் ஊதறதும் இன்னொருத்தன் வேடிக்கை பாக்கறதும் ஆவாத காரியம்."

சரி என்றேன். வறுத்த கொத்தமல்லி விதையை மென்றோம். நெல்லிக்காய் வற்றலை ஒதுக்கி வைத்துக்கொண்டோம். எதுவும் உதவவில்லை. பள்ளி விட்டதும் கால்கள் தாமாகவே பெட்டிக்கடைக்குப் போய் நின்றன.

மருந்தை நீதான் கண்டுபிடித்தாய். மண்டி வாசலில் மஞ்சள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த வண்டிக்காரர் ஒருவர், நரைத்த மீசைக்காரர், பேரன் எடுத்தவர், தெருமுனையில் ஒரு செருமல் கேட்டதுமே எரிகிற பீடியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். வந்தது அவருடைய மாமனார். நம் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. பெரியவர் முன்னால் யாரும் புகைப்பதில்லை. சின்னவர் கூச வேண்டாமென்று பெரியவரும் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் தெருமுனை திரும்புவார். நீ இருமல் வரும்வரை சிரித்தாய். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினாய்.

"இதுதான்டா மருந்து. இன்னைல இருந்து நீ எனக்கு மாமன். நான் உனக்கு மாமன். மாமன் முன்னால எவனாச்சும் பத்த வெப்பானா?"

"ஒரே வயசுடா நமக்கு."

"வயசு என்னடா வயசு? துண்டை எடுத்துத் தோள்ல போடு. வாங்க போங்கன்னு கூப்புடு. மரியாதை தானா வந்துரும்."

முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. பெட்டிக்கடைக்காரர் விடவில்லை. "ஏனுங்க வாத்தியாரே, நேத்து வரைக்கும் வாடா போடா. இன்னைக்கு மாமனா? யாரு யாருக்குங்க பொண்ணு குடுத்தது?"

"ரெண்டு பேரும் ரெண்டு பேருக்கும் குடுத்துட்டமுங்க" என்றாய்.

வேட்கை எழும்போதெல்லாம் ஒருவரையொருவர் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு மாலை எனக்கு வேட்கை தாளவில்லை. நோட்டுத் திருத்த முடியவில்லை. எழுந்து வந்து உன் அருகே உட்கார்ந்தேன். நீ துண்டைச் சரிசெய்துகொண்டு, நிஜமான மாமனைப் போல ஆரம்பித்தாய்.

"ஏனுங்க மாப்ளே, இந்த வருசம் மஞ்சள் என்ன வெலைங்க போவுது?"

விலையும் மழையும் பேசிப் பேசி அந்த மாலையைக் கடத்தினாய். இப்படி எத்தனையோ மாலைகள். அடுத்த மஞ்சள் அறுவடைக்குள் பீடி எனக்கு அந்நியமாகிவிட்டது. நீயும் விட்டுவிட்டாய் என்றே நம்பினேன்.

ஒருநாள் கொடியில் காய்ந்த உன் சட்டையை எடுத்தபோது பையில் கருகிய ஓட்டை இருந்தது. பிறகு உன் உள்ளங்கையில் ஒரு கொப்புளம் கண்டேன். "எறும்பு கடிச்சுருச்சுங்க மாமா" என்று கையை மூடிக்கொண்டாய்.

வகுப்பில் சில பிள்ளைகள் உண்டு. கணக்குத் தப்பானால் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொள்வார்கள். வாத்தியார் கண்ணில் படாது, ஆனால் கணக்கு தப்பாகவே இருக்கும். நாம் எடுத்துக்கொண்ட மரியாதையும் அப்படித்தான். அது மறைக்கத்தான் கற்றுக்கொடுக்கும், விடக் கற்றுக்கொடுக்காது. எனக்கு ஏன் பலித்தது, உனக்கு ஏன் பலிக்கவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. வழியைக் கண்டுபிடித்தவன் நீ. வந்து சேர்ந்தவன் நான்.

ஒரு தடவை கேட்டே விட்டேன். "இந்த மாமன் வேஷம் போதுமுங்க. இனிமே என் முன்னாலயே புடிங்க. ஒளிஞ்சு புடிக்கறதாலதானுங்க அவசர அவசரமா இழுக்கறீங்க?" உன் முகம் வெளுத்துவிட்டது.

"அப்பிடிச் சொல்லாதீங்க மாமா. நீங்க பக்கத்துல இருக்கற நேரந்தான் நான் தொடாத நேரம். உங்க முன்னாலயும் பத்த வெச்சுட்டன்னா அப்பறம் எனக்கு ஆருங்க இருக்கறாங்க?"

அன்றிலிருந்து நானும் செருமிவிட்டே அறைக்குள் நுழைந்தேன்.

இருவருக்கும் கல்யாணம் ஆயிற்று. யுத்த காலத்தில் எனக்கு ஓமலூருக்கு மாற்றல் வந்தது. நான் மூட்டை கட்டிய அன்று உன் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து நிலைப்படி ஓரம் நின்றாள். "அண்ணா, நீங்க இருக்கற நேரத்துலதானுங்க அவரு மூச்சு வாங்காம இருக்கறாரு. எப்பிடியாச்சும் இங்கயே இருந்துருங்கண்ணா." மாற்றலை ரத்துச் செய்ய அலைந்து பார்த்தேன். நடக்கவில்லை.

ஞாயிறுகளில், பெட்ரோல் கிடைக்காமல் கரி எரித்து ஓட்டிய கரி பஸ் ஏறிச் சேலம் வந்து, அங்கே வேறு வண்டி பிடித்து உன்னிடம் வருவேன். பாதி நாள் வழியிலேயே போய்விடும். இருக்கும் கொஞ்ச நேரமும் நீ என்னைப் போகவிடமாட்டாய். "இன்னும் செத்த நேரம் உக்காருங்க மாமா" என்பாய். அது அன்புதான். ஆனால் நான் எழுந்ததும் எது வரும் என்று நம் இருவருக்கும் தெரியும். ஒரு மனிதன் இன்னொருவன் அருகில் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருக்க முடியும்?

கடைசியாக வந்தபோது நீ கட்டிலில் கிடந்தாய். தெருவிலிருந்தே ஜன்னல் வழியாகப் புகை தெரிந்தது. ஓடி வந்து பிடுங்கிவிடலாமா என்று நினைத்தேன். பிடுங்கினால் உனக்கு மிச்சமிருந்த மாமனும் போய்விடுவான். வாசலில் நின்று செருமினேன். உள்ளே தண்ணீரில் 'சுர்' என்று ஒரு சத்தம். கட்டில் கிறீச்சிட்டது. நான் நின்றுகொண்டேயிருந்தேன்.

"வாங்க மாமா."

உன் மனைவி என் முகத்தைப் பாராமல் சொம்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். நீ மூச்சைச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னாய், "விட்டுட்டனுங்க மாமா. இந்த வாரம் தொடவே இல்லீங்க."

"தெரியுதுங்க மாப்ளே" என்றேன்.

உன் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை தழும்பேறிச் சொரசொரத்தது. மஞ்சள் விலை கேட்டேன், சொன்னாய். மழை கேட்டேன், சொன்னாய். வண்டிக்கு நேரமாகும்வரை நீ புகைக்கவில்லை. ஆடி பிறந்ததும் ஆள் வந்து சொன்னான்.

என்னிடம் இன்று பீடி இல்லை. உன் புண்ணியம். அந்தச் செருமல் மட்டும் தங்கிவிட்டது. எந்த வீட்டு வாசலிலும் செருமிவிட்டுத்தான் நுழைகிறேன். இப்போது தனியாகப் படுக்கும் என் அறைக்குள் போகும்போதும் அப்படித்தான். தொண்டையைச் செருமிவிட்டு, நீ அணைத்து முடிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் வெளியே நிற்கிறேன்.