தொண்டைக்கு ஒரு பச்சைக் கோடு

மார்ச் 4

பக்கவாதம் வந்து போனதில் கை கால் திரும்பிவிட்டது. தொண்டைதான் திரும்பவில்லை. மூக்குக் குழாய் வழியாகப் பால் இறங்குகிறது. இன்று மருத்துவமனையில் விழுங்கப் பயிற்சி தரும் சாந்தினி என்ற பெண் என் தாடைக்கு அடியில் தசை அசைவை அளக்கும் பட்டைகளை ஒட்டித் திரையைக் காட்டினாள். விழுங்கினால் பச்சைக் கோடு எழும்புமாம், சிவப்புக் கோட்டைத் தாண்டவேண்டுமாம். என்னுடையது படுத்தே கிடந்தது. எரிச்சல்!

மார்ச் 7

எனக்குப் பால் ஊற்றிவிட்டு சீதா சமையலறைக்குள் போனாள். எட்டிப் பார்த்தேன். அடுப்போரம் நின்றபடியே சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உக்காந்து பசியாறேன்."

"நீங்க வாயில வைக்காம நான் எப்படிங்க தட்டு போட்டு உக்கார்றது?"

கல்யாணமான நாளிலிருந்து இதே சட்டம். நான் முதல் வாய் வைப்பேன், "உப்பு சரியா இருக்கா?" என்பாள், பிறகுதான் தன் தட்டை எடுப்பாள். பைத்தியக்காரி. இப்படியே நின்றுகொண்டே சாப்பிடுவாளா, காலம் முழுக்க?

மார்ச் 11

கோடு எகிறியது! சாந்தினி சிரிக்கவில்லை.

"அங்கிள், பல்லக் கடிக்கிறீங்க லா. கோடு ஏறுது, தொண்டை ஏறல."

பிடிபட்டுவிட்டேன். என் விரலை எடுத்து என் குரல்வளைமேல் வைத்தாள். இது மேலே வரவேண்டுமாம்.

மார்ச் 12

வெறும் எச்சிலை விழுங்கிப் பார்த்தேன். குரல்வளை மேலே வரவில்லை.

மார்ச் 18

"முன்ன எதையாச்சும் மடக்குன்னு குடிச்சிருப்பீங்கல்ல, அத நெனைங்க" என்றாள் சாந்தினி.

நான் பஸ் ஓட்டிய காலம், தஞ்சோங் டாவாய் படகுத்துறை. பஸ்ஸை நிறுத்திவிட்டு கோப்பிக் கடைக்கு ஓடுவேன். கருவாட்டு வாசனை, கடல் காற்று, கொதிக்கும் கோப்பி. பாதி குடிப்பதற்குள் கண்டக்டர் தர்மலிங்கம் பஸ் தகரத்தைத் தட்டுவான். "அண்ணே, ஜாலான் லா!" என்று கிளம்பச் சொல்லுவான். மீதி ஒரே மடக்கு. நாக்கு வெந்துபோகும். என்ன நாள்கள் அவை! அவனும் இல்லை, அந்தப் பஸ்ஸும் இல்லை.

திரையையே பார்த்துக்கொண்டு அவன் தட்டுவதற்குக் காத்திருந்தேன். தட்டினான். விழுங்கினேன்.

பச்சை, சிவப்புக்கு மேலே. விரலுக்கடியில் குரல்வளையும் ஏறியது. பல்லைக் கடிக்கவில்லை, சத்தியமாக.

மே 8

நேற்று எக்ஸ்ரே முன்னால் விழுங்கிக் காட்டினேன். நுரையீரல் பக்கம் ஒன்றும் போகவில்லை என்று குழாயை எடுத்துவிட்டார்கள். கோப்பிக்கு இன்னும் அனுமதி இல்லை.

மதியம் மேசையில் குழைந்த கஞ்சி. ஒரு கரண்டி வைத்து, நிதானமாக விழுங்கினேன். சீதா பக்கத்திலேயே நின்றாள்.

"உப்பு சரியா இருக்கா?"

"கொஞ்சம் கம்மி."

உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கையில் உப்பு டப்பாவும் மறு கையில் தன் தட்டுமாக வந்து, எதிரே உட்கார்ந்தாள்.