இப்ராகிம் அண்ணாச்சிக்கு யார் சொல்வது?

என் அத்தானுக்கு,

நீங்கள் போன இடத்தில் நிம்மதியாக இருப்பீர்கள். எனக்குத்தான் இங்கே கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். எல்லாம் உங்கள் செல்போனால் வந்த வினை.

இன்று வெள்ளிக்கிழமை. செனகலிலிருந்து இப்ராகிம் அண்ணாச்சி மேளம் வாசித்து அனுப்பிவிட்டார். அவர் அனுப்புவார், நீங்கள் தபேலாவில் பதில் வாசித்து அனுப்புவீர்கள். உங்களுக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு நம் பாஷை தெரியாது. அப்படியே எத்தனை நாட்டு மேடை ஏறினீர்கள்! சாப்பிட்டாயா என்பதைக்கூட விரலால்தான் கேட்டுக்கொள்வீர்கள்.

நீங்கள் இறந்தது அவருக்குத் தெரியாது. பதில் வராததால் வாரத்துக்கு வாரம் அவர் அடியில் பதற்றம் கூடுகிறது. என்னால் கேட்கவே முடியவில்லை.

"யம்மா, இங்கிலீஷ்ல ஒரு வரி போட்டுருதேன், முடிஞ்சுபோச்சு" என்றாள் நம் செல்வி.

"அவருக்கு இங்கிலீஷ் தெரியாதுட்டி."

"போனே மொழிபெயர்த்துக் குடுக்கும்மா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்கப்பா செத்த சேதிய மிஷினு போய்ச் சொல்லணுமாக்கும்? சும்மா கெட!" என்று பெற்ற மகளிடம் கத்திவிட்டு, உட்கார்ந்து அழுதேன். நான் மட்டும் எப்படிச் சொல்வதாம்? நீங்கள்தான் சொல்லுங்களேன்.

அப்போதுதான் நம்மூரில் நீங்கள் இருவரும் வாசித்த கச்சேரி ஞாபகம் வந்தது. சென்னை ஸ்டுடியோ, பம்பாய், பாரிஸ் என்று சுற்றிய நீங்கள், அவரோடு சொந்த ஊரில் வாசித்தது அந்த ஒரு தடவைதான். முடிவில் ஒரே அடியை மூன்று முறை வாசித்து நிறுத்த வேண்டும். நம் சனம் இரண்டாவதிலேயே கைதட்டி எழுந்துவிட்டது. "மக்கா, பொறுங்க! மூணாவது வந்து விழுந்தாத்தான் முடிவு" என்று மைக்கில் சொன்னீர்கள். இப்ராகிம் அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று நம் வீட்டில் புளியங்குடி எலுமிச்சை ஊறுகாயை வெறும் வாயில் தின்றுவிட்டு, உங்களிடம் சைகையில் கேட்டுக் கற்றுக்கொண்டு, என்னைத் "தங்கச்சி" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

தபேலாவின் உறையைப் பிரித்தேன். உங்கள் முடிவடி எனக்கு மனப்பாடம். இட்லி வேகிற நேரத்தில்கூட மேசையில் அதைத்தானே தட்டுவீர்கள். போனில் பதிவை ஆரம்பித்து ஒருமுறை வாசித்தேன். கேவலமாகத்தான் இருந்தது. இரண்டாவது முறையும் வாசித்தேன். மூன்றாவதை வாசிக்காமல் கையை எடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் பதிவானது. அப்படியே அனுப்பினேன்.

அவர் கேட்டுவிட்டார் என்று போன் காட்டியது. பதிலைக் காணோம். மறுபடியும் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடை. சோறு குழைந்துபோனது. என்ன கிறுக்குத்தனம் இது என்று நினைத்திருப்பாரோ? ஒன்றுமே புரியவில்லையோ?

பிறகு போன் அடித்தது. வீடியோவில் அவர் முகம். என்னைப் பார்த்தார், என் வெறும் நெற்றியைப் பார்த்தார். மேளத்தைப் பக்கத்தில் இழுத்து, மூன்றாவது முறையை அவர் வாசித்தார். மெதுவாக. கடைசி அடியில் உள்ளங்கையைத் தோலிலிருந்து எடுக்கவே இல்லை.

"தங்கச்சி" என்றார்.

அத்தான், இனி வெள்ளிக்கிழமை உங்கள் போன் அடித்தால் வாசலுக்கு ஓட மாட்டேன். எடுப்பேன். எனக்குத் தெரிந்த மட்டும் தட்டுவேன். தப்பாக இருந்தால் அங்கேயிருந்து சிரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமன் மகள்,
கோமதி,
சங்கரன்கோவில்.