நீ போகாதே என்று சொன்ன ஊருக்குப் புறப்படுகிறேன்

மூன்று முறை துவைத்தாகிவிட்டது, இன்னும் இறால் வாசனை போகவில்லை. மொட்டைமாடிக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்த, வேலையில் குளிருக்குப் போடும் நீல ஜாக்கெட்டைச் சற்று முன் எடுத்து முகர்ந்து பார்த்தேன். டிசம்பர் வெயில், சோப்பு, அதற்கும் அடியில் பிடிவாதமாக, நம் கம்பெனியில் உறைந்த இறால் அடுக்கும் கோல்ட் ரூம். உனக்கு எழுத உட்கார்ந்தது அதனால்தான். இந்த வாசனையை முகர்ந்துவிட்டுச் சிரிக்கக்கூடிய ஆள் நீ ஒருத்திதான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நான் ஆஸ்திரியா போகிறேன். ஆறு நாள். வியன்னாவில் இறங்கி, ரயிலில் மேற்கே இன்ஸ்பிரக், அங்கிருந்து பஸ்ஸில் மலைக்குள் ஒரு கிராமம். நாம் இருவரும் உட்கார்ந்து போட்ட அதே திட்டம்தான். நீ இல்லாமல் போகிறேன். போகக் கூடாது என்று நீ சொல்லியிருந்தும் போகிறேன். முழுவதையும் கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படு.

எங்கே தொடங்கியது என்று உனக்கு நினைவிருக்கும். கேன்டீன் டிவியில் யாரோ வடநாட்டுக் குடும்பம் பனியில் சறுக்கி விழுந்து விளையாடிக்கொண்டிருந்தது. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நீ மட்டும் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாய்:

"இன்னாடி இது. மைனஸ் ரெண்டாம். நாம தெனம் மைனஸ் பதினெட்டுல நின்னுக்கினு வேலை பாக்கறோம். அவங்க கோட்டு கூட நம்ம கோட்டு மாதிரியே கீது."

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அன்று மாலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்ததும், "குளிரு நமக்கு இருக்குது. மலைதான் இல்ல. அத மட்டும் போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?" என்று கேட்டாய். பக்கத்துத் தெருவில் சேலை பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்கிற குரலில்.

நீ பேக்கிங் பிரிவு, நான் கோல்ட் ரூமில் வெப்பநிலையைப் பார்த்துக் குறித்துவைக்கிறவள். கம்பெனிக்குள் நாம் பேசிக்கொள்ள நேரமே இருந்ததில்லை. நம் பேச்செல்லாம் அந்த கம்பெனி பஸ்ஸில்தான். மணவாள நகரில் காலை ஆறேகாலுக்கு ஏறி, பெரியபாளையம், ஆரணி, புதுவாயல், கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி சேரும்வரை ஒன்றேகால் மணி நேரம். மாலையில் அதே தூரம். நம்முடைய ஆஸ்திரியா முழுவதும் அந்த இரண்டு சீட்டில்தான் உருவானது.

முதலில் நான் ஏழு ஊர் எழுதினேன். பாரிஸ் கூட அதில் இருந்தது. நீ என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி ஒவ்வொன்றாக அடித்தாய். "ஆறு நாள்ல ஏழு ஊரா? பொட்டிய தூக்கிக்கினு ஸ்டேஷன் ஸ்டேஷனா ஓடறதுக்கு நாம இன்னா போர்ட்டரா? ரெண்டு ஊரு போதும். ஒக்காந்து பாக்கணும்." குளிர்காலத்தில் அங்கே நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும் என்று கண்டுபிடித்ததும் நீதான். மலைக்குப் போவதையெல்லாம் காலைக்கு மாற்றினாய். சூரியன் போன பிறகு ஊருக்குள் கடைத்தெரு, சர்ச், சூடாக ஏதாவது குடிப்பது. வெட்டவெளியில் இரண்டு மணி நேரம், பிறகு கட்டாயம் உள்ளே ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்தாய். நம் கோல்ட் ரூம் விதியே அதுதான் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

ரயில் ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி வழியாக எடுத்த வீடியோ ஒன்றைப் பிடித்தாயே. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அது. வியன்னாவிலிருந்து இன்ஸ்பிரக் வரை தண்டவாளமும் பனியும் தவிர வேறொன்றும் கிடையாது. போனை மடியில் வைத்துக்கொண்டு தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தோம். ஆரணிப் பள்ளங்களில் பஸ் தூக்கிப் போடும், போனில் ரயில் வழுக்கிக்கொண்டு போகும். ஒருநாள் நீ சத்தமாக, "டிரைவர் அண்ணே, அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க, சுரங்கம் வருது" என்றாய். அவர் என்ன ஏது என்று புரியாமலே நிறுத்திவிட்டார். பஸ்ஸே எழுந்து நின்று நம் மடியை எட்டிப் பார்த்தது.

சீட்டுப் பணம் எடுத்து, பாஸ்போர்ட் வாங்கி, லீவு எழுதிக் கொடுத்த பிறகுதான் உனக்கு வயிற்று வலி வந்தது. அக்டோபர். வாயு என்றாய். ஸ்கேன் எடுத்த டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

சென்னை ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தேன். முதல் இரண்டு வாரமும் நீ ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் மலை தெரியும் என்று என்னோடு சண்டை போட்டாய். மூன்றாவது வாரம் பேச்சு குறைந்திருந்தது. நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சொன்னாய்:

"நான் இல்லாம நீ மட்டும் போவக் கூடாது. சொல்லிட்டேன்."

"இன்னா பேச்சு இது. ரெண்டு பேருந்தான் போறோம்."

"கேளுடி. சும்மா சொல்லல. நீ அங்க போயி அந்தப் பனில நின்னுக்கினு சிரிக்கறத என்னால நெனச்சிப் பாக்க முடியல. போவாத."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். உரித்த ஆரஞ்சை என்ன செய்வதென்று தெரியாமல் தட்டில் வைத்துவிட்டு வந்தேன். நல்லவர்கள் சாகும்போது பெருந்தன்மையாக ஏதாவது சொல்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நீ உள்ளதைச் சொன்னாய். பொங்கலுக்கு முந்தைய வாரம் போய்விட்டாய்.

அப்புறம் இரண்டு டிசம்பர் வந்து போயின. என் வீட்டுக்காரர் ஒருமுறை, "அந்த வெளிநாட்டு டிரிப்பு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். "அது முடிஞ்சுபோச்சு" என்றேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

இந்த ஜூலையில் உன் வீட்டுக்காரர், சேவியர் அண்ணன், மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார். ஆமாம், சின்னவளுக்குத்தான். மாப்பிள்ளை திருவள்ளூரிலேயே வேலை, நல்ல பிள்ளை. காபி குடித்துக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் போட்டு வெச்ச பிளான் இன்னும் இருக்குதாம்மா?" என்று கேட்டார். அதுவரை யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன். போகாதே என்று நீ சொன்னதை, சுவர்ப் பக்கம் திரும்பியதை, எல்லாவற்றையும்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். வருத்தப்படுவார் என்று பயந்தேன். மனுஷன் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"உங்கிட்டயுமா? எங்கிட்ட இன்னா சொன்னா தெரியுமா? எளாவூர்ல ஹைவே மேல ஒரு பிரியாணிக் கடைக்கு மாசத்துல ஒரு தபா ரெண்டு பேரும் போவோம். 'நான் இல்லாம அந்தக் கடைப் படி ஏறக் கூடாது'ன்னா. நான் இன்னா பண்ணேன்? நாப்பது நாள் பொறுத்தேன். அப்புறம் வண்டிய எடுத்துக்கினு போயிட்டேன். அழுதுக்கினேதான் துன்னேன். ஆனா ரெண்டு பிளேட்டு துன்னேன்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாவப் போறவளுக்குப் பொறாமை வராம இன்னாம்மா வரும்? அவ எடத்துல நான் இருந்திருந்தா பெரியபாளையத்துக்கே போவாதன்னுருப்பேன். நீ கெளம்பு" என்றார்.

இரண்டு வருடம் அந்த ஒரு வார்த்தையைக் கட்டளை மாதிரி தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். நீ சொன்னது கட்டளை இல்லை, ஆசை. உனக்கு வரவேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். அதை அப்படிச் சொல்லிவிட்டாய்.

அன்று மாலையே வீட்டுக்காரரிடம், "நாம ரெண்டு பேரும் போலாமா?" என்று கேட்டேன். உனக்குத்தான் தெரியுமே, இருபத்தைந்து வருடமாகக் கல்கத்தா ஹைவேயில் லாரி ஓட்டுகிற மனுஷன். மலையும் வேண்டாம், சர்ச்சும் வேண்டாம். அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பனில லாரி எப்படி ஓட்றான்?"

தேடிப் பார்த்தோம். டயரைச் சுற்றி இரும்புச் சங்கிலி மாட்டுகிறார்கள். அதை மாட்டுகிற வீடியோவை ஐந்து முறை பார்த்தார். இன்ஸ்பிரக்குக்குத் தெற்கே மலைக்கணவாய் வழியாக இத்தாலிக்குப் போகும் பெரிய சாலை இருக்கிறதாம். அங்கே லாரிகள் மைல் கணக்கில் வரிசையில் நிற்குமாம். "எளாவூர் செக்போஸ்ட்டுல நிக்கற மாதிரியா? அத நான் பாக்கணும். அரை நாள் குடு" என்றார். இன்ஸ்பிரக்கில் பார்க்க நீ குறித்து வைத்திருந்த அரண்மனையை எடுத்துவிட்டு அந்த அரை நாளை அவருக்குக் கொடுத்துவிட்டேன். திட்டத்தில் நான் செய்த ஒரே மாற்றம் இதுதான், மன்னித்துவிடு. பனியில் வழுக்காமல் நடக்கப் பாதத்தை அகற்றி, வாத்து மாதிரி நடக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டார். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் அப்படித்தான் இப்போது நடமாட்டம்.

விசா சென்டரில் காகிதம் சரிபார்த்த பெண் நம்மூர்ப் பெண். "எல்லாரும் சம்மர்லதான் போவாங்க. நீங்க ஏன் மேடம் இந்தக் குளிர்ல?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வியா, சும்மா கேட்டாளா தெரியவில்லை.  என் கம்பெனிக் கடிதத்தைக் காட்டி, "நான் தினம் மைனஸ் பதினெட்டுல வேலை செய்றேம்மா. இந்தத் தபா வேலை இல்லாம குளிர்ல நிக்கலாம்னு" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்துச் சீட்டுக்காரியிடம் அதைச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். பதினெட்டு நாளில் பாஸ்போர்ட் வந்துவிட்டது. கூரியர்காரர் கையெழுத்து வாங்கும்வரை கூடப் பொறுக்காமல் உறையைக் கிழித்தேன். உள்ளே என் முகத்தோடு பச்சையும் ஊதாவுமாக அந்த ஸ்டிக்கர்.

பெட்டியில் பாதி சாப்பாடு. இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், வீட்டுக்காரருக்குக் காராசேவ். மெல்லிய பனியன் இரண்டு, அதன் மேல் கம்பளி, அதன் மேல் கோட்டு என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும், ஒரே தடிமன் உதவாது. இதெல்லாம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷூவுக்குத்தான் பாரிமுனை வரை அலைந்தோம். ரயிலில் இடது பக்கமா வலது பக்கமா என்ற நம் சண்டை தீரவில்லை, அதனால் போகும்போது நீ சொன்ன பக்கம், வரும்போது நான் சொன்ன பக்கம் என்று முன்பதிவு செய்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். பெரியபாளையம் தாண்டும்போது ஒருநாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே நீ சொன்னாய்: "யாருமே மிதிக்காத பனில மொத காலு நான் வெக்கணும்டி. டூரிஸ்ட்டு மிதிச்ச சேறு வேணாம். ஆனா அதுக்கு எங்க போறது, யாரக் கேக்கறது?" அதற்கு மட்டும் நம் திட்டத்தில் பதில் எழுதாமல் கோடு போட்டு வைத்திருந்தோம்.

நேற்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, நாங்கள் தங்கப் போகும் மலைக்கிராம விடுதிக்குப் போன் போட்டேன். அங்கே காலை. சொல்ல வேண்டிய இங்கிலீஷை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். எடுத்தது விடுதிக்கார அம்மாள், வயதான குரல். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதைப் போலவே தட்டித் தடவி நடந்தது, அதனால் பயம் போய்விட்டது. "யாரும் நடக்காத பனி வேண்டும். எங்கே கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"யாரும் நடக்காததா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். வீட்டுக்காரர் வேறு, "இன்னாத்தக் கேக்கற, வெச்சிடு" என்று ஜாடை காட்டினார். பிறகு அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் சரிவில் அவருடைய புல்வெளி இருக்கிறதாம். பனி விழுந்த மறுநாள் காலை அதில் முதலில் ஓடுவது அவருடைய நாய்தானாம். "முந்தின நாள் சாயங்காலம் சொல்லுங்கள். நாயைக் கட்டி வைக்கிறேன்."

போனை வைத்ததும் அந்த இங்கிலீஷ் தாளை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.  எனக்கு எப்போதும் எந்தக் கேள்வியும் தொண்டையிலேயே நின்றுவிடும், உனக்குத் தெரியும். கிழிந்த கையுறைக்குப் பதில் புதிது கேட்பது, கால் வலிக்கிற அன்றைக்கு வேறு வேலை கேட்பது, எல்லாம் எனக்காக நீயே போய்க் கேட்டாய். "கேட்டா இன்னா, அடிக்கவா போறாங்க" என்பாய். நீ போன பிறகு எனக்காகக் கேட்க ஆள் இல்லை என்றுதான் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று நானே கேட்டேன். முன்பின் பார்க்காத ஒரு வீட்டில், எனக்காக ஒரு நாயைக் கட்டி வைக்கப் போகிறார்கள்.