இருபத்துமூன்றாம் பக்கத்துக் கூடை

பதுளை
12.06.2025

அன்புள்ள ஜீவனுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். பசறை வீதியில் மண் சரிந்து மூன்று நாள் பஸ் ஓடவில்லை. மற்றபடி இங்கே குறையொன்றுமில்லை.

கப்டன் பெர்வால் சித்திரக்கதைகளின் எழுபதாம் ஆண்டுக்காக நீங்கள் பிரசெல்ஸில் தொகுக்கும் தகவல் நூலின் பக்கங்கள் கிடைத்தன. பதிலைக் குரலில் பதிந்து அனுப்பச் சொன்னாய். பிழை திருத்துவது வாயால் செய்யும் வேலை அல்ல.

எட்டாம் பக்கம்: கப்டனின் கிளிக்கு இடக்கண் குருடு என்று எழுதியிருக்கிறாய். முதல் இரண்டு புத்தகங்களில் மட்டுமே அப்படி. மூன்றாவதிலிருந்து வலக்கண். ஓவியர் மறந்திருக்க வேண்டும்.

பத்தொன்பதாம் பக்கம்: நாற்பது புத்தகங்களிலும் கப்டன் ஒருவேளைச் சாப்பாட்டைக்கூட முடித்ததில்லை என்பது சரி. எல்லாவற்றையும் மறுபடி புரட்டிப் பார்த்தேன். எப்போதும் யாராவது வந்து கதவைத் தட்டிவிடுகிறார்கள்.

இனி முப்பத்தொன்றாம் பக்கம். இலங்கை வரும் பதினோராவது புத்தகத்தில், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூடை தோள்பட்டிகளில் தொங்கியது என்றும், 1976இல் பதுளைத் தோட்டமொன்றின் தலைமைக் கிளாக்கர் திரு. பொன்னையா எழுதிய கடிதத்தைப் பார்த்து, அடுத்த பதிப்பில் கூடைக் கயிற்றைத் தலையில் வரைந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். உன் அப்பாவைப் பற்றி நீ பெருமையோடு எழுதியது தெரிகிறது. ஆனால் அந்தப் பிழையைக் கண்டுபிடித்தவர் அவர் அல்ல.

தோட்டத்துத் துரை சீமைக்குப் போகும்போது விட்டுச்சென்ற பெட்டியில் இந்தப் புத்தகங்கள் வந்தன. உனக்கு அப்போது ஆறு வயது. மடுல்சீமையிலிருந்து மாதமொருமுறை மரக்கறி கொண்டுவரும் நல்லம்மாவின் மடியில் இருந்து படம் பார்ப்பாய். அந்தப் பதினோராவது புத்தகத்தின் இருபத்துமூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து அவர் சிரித்தார்.

"ஏம்மா பாக்கியம், இந்த வெள்ளக்காரன் கூடையப் பள்ளிக்கூடப் பை மாதிரி மாட்டிவிட்டிருக்கானே! தோள்ல தொங்குனா இவ எப்புடிக் கொழுந்த பின்னால போடுவா? கங்காணி வந்து ஏசமாட்டானா?"

அன்று மாலையே உன் அப்பா கடிதம் எழுதினார். தன் ஆங்கிலத்தில் நம்பிக்கை இல்லாமல் என்னிடம் தந்தார். நான் திருத்தி, நல்ல தாளில் எழுதிக் கொடுத்தேன். கொன்வென்டில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். அவர் எழுதிய முதல் வரி, "முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்த என் தாயார் கேட்கிறார்" என்பது. நான் அதை, "எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் சிலர் சொல்கிறார்கள்" என்று மாற்றினேன்.

அவர் வாசித்துப் பார்த்தார். "ஒன் இங்கிலீசுதான் நல்லாருக்கு. அப்புடியே போகட்டும்" என்றார். கையொப்பமிட்டார்.

நல்லம்மா அப்பாவின் தூரத்துச் சொந்தம் என்று உனக்குச் சொன்னவளும் நான்தான். தொழிலாளர் லயத்தில் இருப்பவர் உன் பாட்டி என்று நீ பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். அவருக்குத் தேநீரைக் குசினியில் வைத்துத்தான் கொடுத்தேன். அவர் ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. திருத்திய படம் வந்தபோதும், "கூடையத் தலைக்கு ஏத்திட்டானா, நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார்.

உன் கேள்விகளுக்காகப் புத்தகங்களை இறக்கியபோது, அதே இருபத்துமூன்றாம் பக்கத்தில் உன் அப்பா தன் கையால் முதலில் எழுதிய தாள் இருந்தது. அவர் அதைக் கிழிக்கவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழைகள் நான்கு உண்டு. திருத்தாதே.

போன கிழமை மடுல்சீமைக்குப் போய், அங்குள்ள சொந்தக்காரரிடம் நல்லம்மாவின் படமொன்றும் வாங்கி வந்தேன். பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்காக எடுத்தது. வேறு படம் அவருக்கு இல்லை. அடுத்த மாதம் நூல் அச்சுக்குப் போவதற்குள் முப்பத்தொன்றாம் பக்கத்தை மாற்று. அப்பாவின் பெயருக்கு மேலே அவர் பெயர் வரவேண்டும். கடிதத்தை மாற்றி எழுதியது யார் என்று கேட்டால் என் பெயரையும் போடு.

என்மேல் கோபம் வந்தால் நியாயம்தான். அதற்காகப் பக்கத்தைத் தாமதிக்காதே. அச்சானதும் இரண்டு பிரதிகள் அனுப்பு. ஒன்றை மடுல்சீமைக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடியின்றி இருக்க வேண்டும். படத்தின் பின்னால் பெயர் எழுதியிருக்கிறேன். அதன் கீழே எழுத மனம் வராமல் விட்டதை நீ எழுதிக்கொள்: அவர் உன் அப்பாயி.

இப்படிக்கு,
உன் அம்மா
பாக்கியலெட்சுமி பொன்னையா