சாம்பல் நிறக் கோட்டில் நான்கு மாத்திரைகள்

இஸ்மாயிலியா
1 மார்ச் 2005

உஸ்தாத் ஷவ்கி அவர்களுக்கு,

நபவிய்யா எழுதுவது. இருபத்தெட்டு வருஷமாக "ரிஹாப் அப்பா" என்று கூப்பிட்ட நான் யாரோ அந்நியரைப் போல உங்களை உஸ்தாத் என்று எழுதுகிறேன் என்றால், நிலைமை எப்படி என்று நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

ரிஹாபும் குழந்தையும் சுகம். குழந்தைக்கு உங்கள் காது வாய்த்திருக்கிறது. பெண் குழந்தை, பாவம். நாற்பது நாள் கழிந்துவிட்டது, வருகிற வெள்ளிக்கிழமை நான் கஃப்ர் அஸ்ஸய்யாத்துக்குத் திரும்புவதாக இருந்தது. இப்போது திரும்பப் போவதில்லை.

வரும்போது குளிருக்கு உங்கள் சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன் அல்லவா? நேற்று அதன் உள்பை கிழிந்திருப்பதைப் பார்த்துத் தைக்க உட்கார்ந்தேன். உள்ளே ஒரு மாத்திரை அட்டை. நீல மாத்திரை. அது எதற்கு என்று இந்த ஊரில் மீன் விற்கிறவளுக்கும் தெரியும், எனக்குத் தெரியாதா? ஆறு குழி, நான்கு மாத்திரை. இரண்டைக் காணோம்.

பதினோரு மாதமாக நீங்கள் வரவேற்பறை சோபாவில் படுக்கிறீர்கள். "உன் குறட்டை தாங்க முடியல" என்றீர்கள். நம்பினேன். வெட்கத்தை விட்டு மூக்கு டாக்டரிடம்கூடப் போனேன். வியாழக்கிழமை இரவு புருஷன் பெண்டாட்டிக்கு என்று ஊரே சொல்லும், நம் வீட்டில் அது வாரத்தில் ஒரு கிழமை, அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது. அப்படியிருக்க அந்த இரண்டு மாத்திரையும் எனக்காகச் செலவாகவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நான் அங்கேதானே இருந்தேன்!

யார் அவள்?

தொலைபேசியில் கூப்பிடாதீர்கள். அது கூடத்தில் இருக்கிறது, அதன் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா ஹஜ்ஜா தஃபீதா காலை முதல் உட்கார்ந்திருக்கிறார். எழுதுங்கள்.

நபவிய்யா


கஃப்ர் அஸ்ஸய்யாத்
6 மார்ச் 2005

அன்புள்ள நபவிய்யாவுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்து உட்கார்ந்துகொண்டு முடித்தேன். அஸ்தஃபிருல்லாஹ்! முப்பத்தோரு வருஷம் பஞ்சைத் தொட்டு ரகம் பிரித்தவன் நான். ஒரு பொதியைக்கூட மாற்றிச் சொன்னவன் என்று எவனும் என்னைப் பார்த்துக் கை நீட்டியதில்லை. என்னையா இப்படிக் கேட்கிறாய்?

அந்த மாத்திரை என்னுடையது இல்லை. நம் முக்தாருடையது. எடைமேடை முக்தார்தான், வேறு யார். அவன் மனைவி தினமும் சட்டைப் பையைச் சோதிக்கிறவள் என்பது உனக்கே தெரியும். "கொஞ்ச நாள் உன்கிட்ட இருக்கட்டும் ஷவ்கி" என்று கொடுத்தான். நண்பனுக்காக வைத்திருந்தேன். அவ்வளவுதான்.

வீட்டில் எல்லாம் நலம். மொலோகியாக் கீரை சமைத்துப் பார்த்தேன். கரண்டியைத் தூக்கினால் சட்டியும் சேர்ந்து எழுந்து வருகிறது. மேல்மாடிக்காரி பார்த்துவிட்டு, "இதை வச்சு செருப்பு ஒட்டலாம்" என்றாள். வெள்ளைச் சட்டைகள் எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டன. ஏன் என்று தெரியவில்லை.

நீ வந்தால் நல்லது. வராவிட்டாலும் அந்த அட்டையை ஒரு உறையில் போட்டு அனுப்பிவிடு. முக்தார் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

உன் ஷவ்கி


இஸ்மாயிலியா
11 மார்ச் 2005

ஷவ்கி அவர்களுக்கு,

முக்தார் காபிக்கடையில் உட்கார்ந்து, "எனக்கு அறுபத்தொண்ணு, ஆனா காளை மாதிரி இருக்கேன்" என்று ஊருக்கே முரசு அடிக்கிறவர். அவருக்கு மாத்திரை எதற்கு? பொய் சொல்வதென்றால் கொஞ்சம் பழகிவிட்டுச் சொல்லுங்கள்.

இப்போது நான் எழுதப் போவதைக் கவனமாகப் படியுங்கள். கோபம் வேறு, இது வேறு.

புதன்கிழமை அந்த அட்டையை எடுத்துக்கொண்டு முனை மருந்துக் கடைக்குப் போனேன். மாத்திரை உண்மையா பொய்யா என்று தெரிந்தால், நீங்கள் எந்த மாதிரி இடத்தில் புழங்குகிறீர்கள் என்று கண்டுபிடிக்கலாமே என்று ஒரு எண்ணம். நல்ல நேரம், ஹஜ்ஜா தஃபீதாவும் கூட வந்துவிட்டார். "வயித்துக்கு மாத்திரை வாங்கப் போறேன்" என்று சொல்லி வைத்தேன்.

கடையில் மருந்தாளர் டாக்டர் மாரியான் இருந்தாள். ரிஹாப் வயதுப் பெண், கழுத்தில் சிலுவை, கண்ணில் நல்ல கூர்மை. அட்டையைக் கொடுத்தேன். அவள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு மாத்திரையை எடுத்து ஈர விரலால் தேய்த்தாள். விரல் நீலமாகிவிட்டது.

"அம்மா, இது எங்க வாங்கினது? மருந்துக் கடையிலயா?"

"தெரியல."

"கம்பெனி பேரு இல்ல, தேதி இல்ல. அட்டைல பேரையே தப்பா அடிச்சிருக்கான். உள்ள வெறும் சுண்ணாம்பா இருக்கலாம், ரெண்டு மடங்கு மருந்தா இருக்கலாம், எலி மருந்தாக்கூட இருக்கலாம். யாருக்குத் தெரியும்?"

அதற்குள் ஹஜ்ஜா எட்டிப் பார்த்து, "நல்ல கலரா இருக்கே. முழங்காலுக்கு ஆகுமா மகளே? எனக்கும் ரெண்டு குடேன்" என்றார். மாரியான் சிரிக்கவில்லை. அதற்காகவே அந்தப் பெண்ணுக்கு சொர்க்கம் கிடைக்கட்டும். ஹஜ்ஜாவை எடை பார்க்கும் கருவியில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தாள்.

"டாக்டர் சீட்டு இல்லாம கேட்டு வாங்குறவங்க நிறைய பேரு அம்மா. நான் ரெண்டு கேள்வி கேக்காம குடுக்கமாட்டேன். இதச் சாப்பிடுறவருக்கு நெஞ்சு வலி இருக்கா? நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை ஏதாவது உண்டா?"

"உண்டு" என்றேன். "தினமும் காலைல ஒண்ணு விழுங்குவாரு. வலி வந்தா நாக்குக்கு அடியில ஒண்ணு."

அவள் முகம் மாறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அந்த மருந்தையும் இதையும் சேத்தா ரத்த அழுத்தம் ஒரேயடியா இறங்கிடும். உண்மையான மாத்திரைன்னாலும் அப்படித்தான். விழுந்தவர் எந்திரிக்காமலே போயிடலாம். உடனே சொல்லுங்க அம்மா, வெக்கப்படாதீங்க."

வரும் வழியெல்லாம் ஹஜ்ஜா தன் எடையைப் பற்றியே பேசினார். என் காதில் ஒன்றும் விழவில்லை.

ஷவ்கி, யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். கல்யாணம் செய்வதென்றாலும் செய்துகொள்ளுங்கள், நான் வந்து உங்கள் கண்ணைப் பிடுங்குவது அப்புறம். ஆனால் அந்த மாத்திரையை மட்டும் இனி வாயில் வைக்காதீர்கள். வீட்டில் வேறு அட்டை இருந்தால் கழிப்பறையில் கொட்டாமல் பொட்டலம் கட்டி மருந்துக் கடையில் கொடுங்கள், அப்படித்தான் செய்ய வேண்டுமாம். சண்டை போட எனக்கு உயிரோடு ஒரு ஆள் வேண்டும்.

நபவிய்யா


கஃப்ர் அஸ்ஸய்யாத்
16 மார்ச் 2005

என் நபவிய்யாவுக்கு,

ஒருத்தியும் இல்லை. குர்ஆன் மேல் ஆணை. இருந்திருந்தால்கூட அவளுக்கும் என்னால் ஒரு பயனும் இருந்திருக்காது. இதை எழுதவே மூன்று தாள் கிழித்தேன்.

சென்ற வருஷம் நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தேனே, அதற்குப் பிறகு இரண்டு முறை என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பது உனக்கு நினைவிருக்கும். "களைப்பா இருக்கும், தூங்குங்க" என்றாய். நீ நல்ல மனதோடு சொன்னாய். எனக்கு அது கன்னத்தில் விட்ட அறை போல இருந்தது. மூன்றாவது முறையும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் குறட்டைக் கதையைக் கட்டினேன். நீ குறட்டையே விடுவதில்லை நபவிய்யா. மூக்கு டாக்டர் எதைப் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தான் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மருந்துக் கடையில் கேட்கலாம் என்று போனேன். கல்லாவில் உன் சித்தப்பா மகன் தாஹா. "வாங்க மாமா, என்ன வேணும்?" என்றான். பற்பசை வாங்கிக்கொண்டு திரும்பினேன். இரண்டாம் தடவை இருமல் மருந்து. மூன்றாம் தடவை, பின்னால் நம் பள்ளிவாசல் இமாம் நின்றார். குழந்தைப் பவுடர் வாங்கினேன். இமாம் வாழ்த்துச் சொன்னார்.

கடைசியில் பேருந்து நிலையத்துப் பக்கம் சிகரெட் பெட்டிக்கடைக்காரனிடம் வாங்கினேன். அவன் ஒன்றுமே கேட்கவில்லை. எதுவும் கேட்காதவன் என்பதால்தான் அவனிடம் போனேன் என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

காணாமல் போன இரண்டின் கணக்கு இதுதான். நோன்புப் பெருநாளுக்கு அடுத்த வாரம் ஒன்றை விழுங்கினேன். அன்றைக்கு என் முகம் தக்காளியாகி, தலை வெடிக்கிறது என்று நான் புலம்ப, நீ ஈரத் துணியை நெற்றியில் போட்டு யாஸீன் ஓதினாய். அதுதான் அந்த மாத்திரை செய்த வேலை. இரண்டாவது, கை தவறிக் கழுவுதொட்டியில் விழுந்து போய்விட்டது. முதலாவதை விழுங்கிய அன்று காலையில் நெஞ்சு மாத்திரை போட மறந்திருந்தேன். அந்த மறதிதான் என்னைக் காப்பாற்றியதோ என்னவோ.

முக்தார் பாவம், ஒன்றும் அறியாதவன். அவன் பெயரை இழுத்ததற்கு மன்னித்துவிடு.

ஷவ்கி


இஸ்மாயிலியா
20 மார்ச் 2005

ரிஹாப் அப்பாவுக்கு,

கடிதத்தைக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். முதலில் அழுதேன், பிறகு இமாமை நினைத்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் ஆத்திரம் வந்தது.

பதினோரு மாதம்! என்னைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? நான் கிழவியாகிவிட்டேன் என்று நினைத்தேன். முடிக்கு மருதாணி போட்டேன். இளைப்பதற்காக ரொட்டியை விட்டேன். தந்தா நகரத்துக்குப் போய்ப் பச்சை நிற இரவு உடை வாங்கிப் போட்டுக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நின்றேன். நீங்கள் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "விருந்தாளி யாராச்சும் வர்றாங்களா?" என்றீர்கள். அன்றைக்கு நான் அடுப்பங்கரையில் நின்று வெங்காயம் நறுக்கினேன். சமைக்க ஒன்றும் இல்லாமல் வெறும் வெங்காயம்.

மறுபடியும் மாரியானிடம் போனேன், இம்முறை தனியாக. யாருக்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் மறைக்கவில்லை. இது நெஞ்சு நோயோடு வருகிற வழக்கமான ஒன்றாம். சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் வருமாம், சர்க்கரையாலும் வருமாம். கவலையே போதுமாம். நெஞ்சு டாக்டரிடம் நேராகச் சொல்ல வேண்டும் என்றாள். "எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்க. எதையும் அவரா நிறுத்தவும் வேண்டாம், அவரா சேக்கவும் வேண்டாம்."

ஆகவே தந்தாவுக்குப் போங்கள். டாக்டர் நீல மாத்திரையை எழுதிக் கொடுத்தால் வாங்குங்கள். கூடாது என்றால் கூடாதுதான். அதனால் எனக்கு ஒன்றுமில்லை என்று பெருந்தன்மையாக எழுத மாட்டேன். எனக்கும் ஆசை இருக்கிறது, ஐம்பத்து மூன்று வயதில் இதைத் தாளில் எழுதுகிறேன், படித்ததும் கிழித்துவிடுங்கள். ஆனால் சோபாவில் படுப்பது இனி நடக்காது.

நபவிய்யா


கஃப்ர் அஸ்ஸய்யாத்
2 ஏப்ரல் 2005

கண்ணான நபவிய்யாவுக்கு,

போனேன். தெரிந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்றுதான் தந்தாவில் மூன்றாம் மாடியில் இருக்கும் மருத்துவரைத் தேர்ந்தெடுத்தேன். பெயர்ப் பலகையில் "இதயம், மற்றும் ஆண்கள் நலம்" என்று இருந்தது. காத்திருக்கும் அறையில் ஒருவன் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தான். தலைகீழாக. அந்த மீசை நுனியை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

"முக்தார்?"

"ஷவ்கி! நான் பல்லு பிடுங்க வந்தேன்."

"இங்கயா?"

"நீ எதுக்கு வந்தே?"

"கண்ணு பாக்க."

இருவரும் பலகையைப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம். சத்தமாகச் சிரித்ததில் உதவிக்காரி எழுந்து வந்து அதட்டினாள். நபவிய்யா, அந்தக் காளை மூன்று வருஷமாகப் பெட்டிக்கடை மாத்திரையில்தான் ஓடிக்கொண்டிருந்ததாம்! போன மாதம் சந்தையில் மயங்கி விழுந்திருக்கிறான். நான் உனக்கு எழுதிய பொய்யில் பாதி உண்மையாகிவிட்டது.

டாக்டரிடம், "என் நண்பருக்கு..." என்று ஆரம்பித்தேன். உன் முகம் நினைவுக்கு வந்தது. "இல்ல டாக்டர், எனக்குத்தான்" என்றேன். அவர் எழுந்து நின்று கைகுலுக்கினார். "இந்த நாற்காலியில உக்காந்தவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேரு நண்பருக்காக வந்தவங்க. உங்களப் பாத்ததுல சந்தோஷம்."

ரத்தம் எடுத்தார், ஓடவிட்டுப் பார்த்தார். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. ரத்த அழுத்த மாத்திரையை மாற்றியிருக்கிறார், பழையது இந்தத் தொல்லை தரக்கூடியதாம். ஆனால் தினப்படி நெஞ்சு மாத்திரையை இப்போது நிறுத்த முடியாது. அது இருக்கும்வரை நீலம் கிடையாது. "சீட்டோட வந்தாலும் கூடாது, சீட்டில்லாம வந்தாலும் கூடாது, தேன்ல கலந்து தந்தாலும் கூடாது" என்றார். இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், வேறு வழிகளும் உண்டு என்றார். ஹூக்காவை விடச் சொல்லிவிட்டார். அதற்குத்தான் எனக்குக் கண்ணீர் வந்தது.

முக்தாருக்கு நெஞ்சில் கோளாறு இல்லை. அவனுக்குக் குறைந்த அளவில் எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது வண்டியில் அவன் உறையைப் பிரித்து இரண்டை என் உள்ளங்கையில் வைத்தான். "இது அசல் ஷவ்கி. மருந்துக் கடையில சீட்டு குடுத்து வாங்கினது. நெஞ்சு மாத்திரைய ஒரு நாள் தள்ளிப் போட்டா என்ன ஆயிடும்? நபவிய்யாவும் வரப்போறா."

கஃப்ர் அஸ்ஸய்யாத் பாலம் வரைக்கும் கையை மூடியபடியே உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், ஆசையாக இருந்தது. பிறகு உன் கடிதத்தை நினைத்தேன், சண்டை போட ஆள் வேண்டும் என்றாயே. திருப்பிக் கொடுத்துவிட்டேன். "உன் பேரு எழுதின சீட்டுடா இது" என்றேன்.

என் தலையணையை உள் அறைக்குக் கொண்டுபோய்விட்டேன். எதற்கும் உறுதி சொல்ல முடியாது. பக்கத்தில் படுத்திருப்பேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். நீ வருவாயா?

உன் ஷவ்கி


இஸ்மாயிலியா
9 ஏப்ரல் 2005

என் ஷவ்கிக்கு,

பதினான்காம் தேதி காலை ரயிலில் புறப்படுகிறேன். தந்தா நிலையத்துக்கு வாருங்கள். அது வியாழக்கிழமை என்பதை நானும் பார்த்தேன். அன்றைக்கு ரயிலில் கூட்டம் குறைவாம், வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு பயப்படாதீர்கள். பச்சை உடை பெட்டியில் இருக்கிறது. இந்த முறை செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தால் போதும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்கள் கடைசிக் கடிதத்தை ஹஜ்ஜா தஃபீதா பிரித்துப் படித்துவிட்டார். கையும் களவுமாகப் பிடித்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி, நீங்கள் பாலத்தைப் பற்றி எழுதிய இடம் வரை வந்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் வாயைத் திறப்பதற்குள் அவர் கடிதத்தை மடித்து, தன் முக்காட்டு நுனியால் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"போ மகளே, சீக்கிரம் ஊருக்குப் போ" என்றார். "எங்க வீட்டு ஹாஜியும் கடைசி ஆறு வருஷம் கூடத்துலதான் படுத்தாரு. புழுக்கமா இருக்குன்னு சொன்னாரு. நான் ஜன்னலப் பெருசாக்கச் சொல்லி கொத்தனாரக் கூப்பிட்டேன். வேற ஒண்ணும் கேக்கல. அவரும் சொல்லல. அப்படியே போயிட்டாரு."

பிறகு தொலைபேசியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அவருக்கு ஒரு தேநீர் போட்டுக் கொடுத்தேன், நிறைய சர்க்கரை போட்டு. குடித்துவிட்டு, "உன் வீட்டுக்காரர் கையெழுத்து மோசம்" என்றார்.

உங்கள்
நபவிய்யா